பூ நாத்து: ஒத்தையா நடறதா, குத்தா நடறதா?

இந்தத் தடவை வந்த கடுதாசி, வாட்ஸ்அப் மெசேஜ் எல்லாத்துலயும் நாத்துப் பேச்சுத்தான் ஜாஸ்திங்க. ரெண்டு தூத்தல் விழுந்தாப் போதும், நம்ம பக்கத்துல எல்லாரும் விதை பாக்கெட்டைத் தூக்கிருவாங்க. அதனால மத்த கேள்வியெல்லாம் அடுத்த இதழுக்கு எடுத்து வெச்சுட்டு, பூச்செடி நாத்து பத்தி வந்ததுக்கு மட்டும் இப்ப பதில் சொல்லிடறேன்.

கேள்வி: வணக்கமுங்க, நாங்க கோபி பக்கம். ஆயுத பூஜைக்கு ஊட்டுப் பூவே கட்டணும்னு ஆசைப்பட்டு செண்டுமல்லி விதை ஒரு பாக்கெட் வாங்கி ஒரு டப்பால மொத்தமா தூவி விட்டுட்டேன், அத்தனையும் மொளைச்சு நெருக்கமா நிக்குதுங்க. வாசலுக்கு ரெண்டு பக்கமும் நடலாம்னு இருக்கேன். எங்க அத்தை, நெல்லு நடற மாதிரி குத்துக்கு மூணு நாலா வெய்யி, ஒண்ணு போனாலும் ஒண்ணு நிக்கும்ங்கறாங்க. வீடியோல பாத்தா ஒத்தை ஒத்தையா நடறாங்க. எதைக் கேக்கறதுங்க?

பதில்: செண்டுமல்லிய ஒத்தையாத்தான் நடணுமுங்க. இதுல மாத்துக் கருத்தே கெடையாது. ஆனா அத்தை சொல்றதும் ஒண்ணும் இல்லாத பேச்சில்லை, அது நெல்லுக்குச் சரியான பேச்சு. நெல்லு அடியில இருந்து புதுசு புதுசா தண்டு வெடிச்சுத் தூர் கட்டற பயிர், ஒவ்வொரு தூரும் அதுக்குன்னு வேர் விட்டுக்கும், அதனால குத்துக்கு ரெண்டு மூணு நாத்து வெச்சாலும் ஒண்ணுக்கொண்ணு இடைஞ்சல் இல்லாம ஒரே புதரா வந்துரும். அந்த நெல்லுலயே இப்ப திருந்திய நெல் சாகுபடின்னு 14 நாள் நாத்தை 25 சென்டிமீட்டர் சதுரத்துல ஒத்தையா நடறாங்க, உங்க தடப்பள்ளி வாய்க்காப் பாசனத்துல வயல் வெச்சிருக்கறவங்களைக் கேட்டீங்கன்னா எத்தனை தூர் கட்டுதுன்னு சொல்லுவாங்க.

செண்டுமல்லி அப்படித் தூர் கட்டாது. அதுக்கு ஒரே தண்டு, அந்தத் தண்டுல எலை எலையா வரும், ஒவ்வொரு எலைக் கக்கத்துலயும் ஒரு பக்கக் கெளை ஒளிஞ்சிருக்கும், அந்தக் கெளை நுனியிலதான் பூவு. அப்ப பூ எத்தனைங்கறது கெளை எத்தனைங்கறதைப் பொறுத்தது, கெளை எத்தனைங்கறது அந்தக் கக்கத்துக்கு வெய்யில் படுதாங்கறதைப் பொறுத்தது. மூணு நாத்தை ஒரே குழியில வெச்சீங்கன்னா உள்பக்கமா பாக்கற கக்கம் எல்லாம் நெழல்ல போயிருமுங்க, அங்க கெளை வராது. மூணும் வெளிச்சத்துக்குப் போட்டி போட்டு மேல மேல ஓடும், தண்டு மெலிசா நீளமா போகும், உச்சியில நாலு பூ பூத்து நிக்கும். நல்லா அகலமா படர்ந்த ஒத்தைச் செடி அந்த மூணையும் சேத்து வெச்சதுக்கு மேல பூக்கும், பூவும் பெருசா இருக்கும்.

காத்தையும் நெனைச்சுப் பாருங்க. பாலக்காட்டுக் கணவாய் வழியா வைகாசியில ஆரம்பிக்கற காத்து ஆடி முடியற வரைக்கும் அடிக்குது. மேல பூவு கனம், கீழ தண்டு மெலிசுன்னா ஒரு ராத்திரி காத்துக்கே சாஞ்சுரும், ஒரே குழியில வேர் பின்னிக் கெடக்கறதால ஒண்ணு சாயறப்ப பக்கத்துல இருக்கறதையும் தூக்கிட்டுத்தான் சாயும். மழைக்காலத்துல நெருக்கமா நின்னா அடியில ஈரம் காயாது, கீழ் எலை பழுத்து அழுகி, அங்கிருந்து நோவு ஏறும்.

ஆனா ஜனங்க குத்தா நடறதுக்கு உண்மையான காரணம் இதெல்லாம் தெரியாததுனால இல்லைங்க, மொளைச்சதைத் தூக்கிப் போட மனசு வராது. அது நல்ல மனசுதான், அதுக்கு வழியும் இருக்கு. மிச்ச நாத்தை ஒரு மூலையில, நெழல் படற எடத்துல, விரக்கடை இடைவெளி விட்டு ஒரு சின்னப் பாத்தியில நட்டு வெச்சுக்கங்க. வாசல்ல நட்டதுல ஏதாவது போச்சுன்னா ஒரு வாரத்துக்குள்ள அதுல இருந்து எடுத்து அந்த சந்துல வெச்சுக்கலாம், ஒண்ணு போனாலும் ஒண்ணு நிக்கணும்ங்கற அத்தையோட யோசனை இதுலயே நெறவேறிரும். அதுக்கும் மிச்சம்னா பக்கத்து ஊட்டுக்குக் குடுங்க.

இப்ப எப்படிப் பிரிக்கறதுன்னு சொல்றேன். விதை எலை ரெண்டை விட்டுட்டு, நெசமான எலை நாலு ஆறு வந்திருக்கணும், மொளைச்சு மூணு நாலு வாரத்துல வந்துரும். நடறதுக்கு ஒரு மணி நேரம் முந்தி டப்பாவுக்கு நல்லா தண்ணி காட்டுங்க. பொழுதோட வெய்யில் எறங்கினப்பறம் டப்பாவைச் சாச்சு மண்ணோட ஒரு கட்டியா எடுத்து, ஒரு அகலமான போசியில தண்ணி ஊத்தி அதுல மெதுவா எறக்கி ரெண்டு ஆட்டு ஆட்டினா மண்ணு கரைஞ்சு வேர் தானா விட்டுக் குடுக்கும். இழுத்துப் பிக்காதீங்க. நாத்தைப் புடிக்கறப்ப எலையைப் புடிங்க, தண்டைப் புடிக்காதீங்க, எலை ஒண்ணு கிழிஞ்சா இன்னொண்ணு வரும், தண்டு நசுங்கினா அந்த நாத்து அவ்வளவுதான்.

பிரிச்சு கையில வெச்சு அடித்தண்டைக் கிட்டத்துல பாருங்க, ஆரஞ்சு ரகமா இருந்தா கொஞ்சம் செவப்பா இருக்கும், நெருக்கத்துல வளந்ததுல மண்ணுக்கு மேல சின்னச் சின்ன வெள்ளைப் புள்ளி தடிச்ச மாதிரி தெரியும். அது நோவு இல்லைங்க, வேர் விடத் தயாரா இருக்கற எடம். அதனால செண்டுமல்லி மெலிசா நீளமா நெட்டுவாங்கிப் போயிருந்தாலும் பயப்படாதீங்க, விதை எலை மண்ணைத் தொடற அளவுக்கு ஆழமா வெச்சு நட்டா பொதைஞ்ச தண்டு பூராவும் வேர் விட்டுக்கும். எல்லாச் செடிக்கும் இது ஆகாது, செண்டுமல்லிக்கும் தக்காளிக்கும் ஆகும்.

ஒசரமா வளர்ற ரகம்னா 45க்கு 35 சென்டிமீட்டர், சுமாரா ஒன்றரை அடிக்கு ஒன்னேகால் அடி விடுங்க. குட்டை ரகம்னா முக்கால் அடி போதும். நட்டதும் தண்ணி, மூணாம் நாள் உயிர்த்தண்ணி, மொத ரெண்டு நாள் மத்தியான வெய்யிலுக்கு ஒரு தென்னங்கீத்தைச் சாச்சு வெச்சா வாடாது. நட்டு ஒரு மாசம் ஆகறப்ப நுனிக் கொழுந்தைக் கிள்ளி விட்டீங்கன்னா பக்கக் கெளை வெடிக்கும். ஆனா கிள்ளினா பூ ஒரு வாரம் பத்து நாள் தள்ளித்தான் வரும். இப்ப கடையில கெடைக்கற ஹைப்ரிட் ரகம் பெரும்பாலும் நட்டதுல இருந்து 50, 60 நாள்ல பூக்குது, அதனால ஆயுத பூஜைத் தேதியில இருந்து பின்னாடி எண்ணிப் பாருங்க, நாள் நெருக்கமா இருந்தா இந்தத் தடவை கிள்ள வேண்டாம், அப்படியே உட்ருங்க.

கேள்வி: சார், சரவணம்பட்டில அபார்ட்மெண்ட் பால்கனி. ஆன்லைன்ல அலிசம், லோபிலியா, பெட்டூனியா விதை வாங்கிப் போட்டேன். மொளைச்சிருக்கு, ஆனா ஒவ்வொண்ணும் தலைமுடி கனம்தான் இருக்கு, ட்வீசர் வெச்சு ஒண்ணொண்ணா பிரிக்கப் பாத்து நெறைய செத்துப் போச்சு. மிச்சம் இருக்கறதை எப்படிக் காப்பாத்தறது?

பதில்: ட்வீசரை மொதல்ல உள்ள வெய்யுங்க. அலிசத்தையும் லோபிலியாவையும் ஒண்ணொண்ணா பிரிக்க வேண்டியதே இல்லைங்க, அது குத்தாவே நட வேண்டிய பூ. மேல கோபி அம்மணிக்கு ஒத்தையா நடுங்கன்னு அவ்வளவு தூரம் சொல்லிட்டு இங்க மாத்திச் சொல்றேன்னு நெனைக்காதீங்க, செடி வேற, அதோட சொபாவம் வேற.

விதையோட அளவைப் பாத்தாலே புரிஞ்சுரும். செண்டுமல்லி ஒரு கிராமுக்கு சுமார் 300 விதைதான் நிக்கும், பெட்டூனியா ஒரு கிராமுக்கு 10,000 பக்கம் வரும், லோபிலியா 30,000ஐயும் தாண்டும். அவ்வளவு பொடி விதையில இருந்து வர்ற நாத்துக்கு கையிருப்பு ஒண்ணுமே கெடையாது, ஒரு வேர்நுனி அறுந்தாலும் எந்திரிக்காது. அதோட லோபிலியா, அலிசம் ரெண்டும் தரையோட படர்ற செடி, தண்டு மெலிசு, ஒத்தைச் செடியா வெச்சா பரிதாபமா நிக்கும், அஞ்சாறு சேந்து நின்னாத்தான் ஒண்ணை ஒண்ணு தாங்கிக்கிட்டு மெத்துன்னு ஒரு கொத்தா பூக்கும். வியாபாரத்துக்கு வளக்கற நர்சரிக்காரங்களே ஒரு குழிக்கு ஒரு சிட்டிகை விதைன்னுதான் போடுவாங்க.

அதனால நீங்க பண்ண வேண்டியது, ட்ரேய்ல இருக்கற மண்ணு ஈரமா, ஆனா சொதசொதன்னு இல்லாம இருக்கறப்ப, ஒரு பழைய கத்திய எடுத்து மைசூர்பாக்கு வெட்டற மாதிரி முக்கால் இஞ்ச் சதுரம் சதுரமா கீறி, ஒவ்வொரு துண்டையும் ஸ்பூன் வெச்சு அடியோட தூக்கி அப்படியே தொட்டியில வெச்சுருங்க. ஒரு துண்டுல அஞ்சு இருந்தாலும் எட்டு இருந்தாலும் எண்ணிக்கிட்டு இருக்க வேண்டாம், பலமானது நிக்கும், பலமில்லாதது அதுவா ஒதுங்கிக்கும். துண்டுக்கும் துண்டுக்கும் நாலஞ்சு இஞ்ச் விட்டாப் போதும். மேல இருந்து தண்ணி ஊத்தாதீங்க, தொட்டிய ஒரு தட்டுத் தண்ணியில அரை மணி நேரம் ஒக்கார வெச்சா அடியில இருந்து உறிஞ்சிக்கும்.

பெட்டூனியா விஷயம் வேறங்க. அதுவும் பொடி விதைதான், ஆனா வளந்தா ஒரு செடியே ஒரு தொட்டிய ரொப்பும், அதைக் கடைசில ஒத்தையாத்தான் வெக்கணும். ஆனா இப்பவே பிரிக்காதீங்க. இப்ப துண்டு துண்டா மாத்தி வெச்சு, நெசமான எலை நாலு வந்து, தொட்டா விரல்ல பிசுபிசுன்னு ஒட்டற பக்குவத்துக்கு வரட்டும், அப்புறம் துண்டுக்கு ஒண்ணு நல்லதா வெச்சுக்கிட்டு மிச்சத்தைச் சின்னக் கத்தரியில அடியோட நறுக்கிருங்க. புடுங்க வேண்டாம், புடுங்கினா நிக்கறதோட வேரும் சேந்து வந்துரும்.

அடுத்த தடவைக்கு ஒண்ணு சொல்லி வெக்கறேன். பொடி விதையை ஒரு ஸ்பூன் சலிச்ச உலர்ந்த மணல்ல கலந்து தூவினீங்கன்னா இவ்வளவு நெருக்கமா விழாது. தூவினப்பறம் மேல மண்ணு போட்டு மூடாதீங்க, இந்த மூணும் வெளிச்சம் பட்டாத்தான் நல்லா மொளைக்கும். கோயமுத்தூருக்கு இதெல்லாம் கார்த்திகைல இருந்து மாசி வரைக்கும் தாங்கற பூ, பங்குனி வெய்யில்ல லோபிலியா கருகிரும், அது உங்க தப்பில்லை. வெய்யில் காலத்துக்கு பத்துமணிப் பூ போடுங்க, அதுவும் பொடி விதை, அதையும் குத்தாவே வெக்கலாம், கெளையை ஒடிச்சு மண்ணுல சொருகினாலே வந்துரும்ங்கறதால நம்ம ஊட்டுல எல்லாம் விதையே வாங்கறதில்லை.

கேள்வி: திருப்பூர்ங்க. நர்சரில இருந்து செண்டுமல்லி குழித்தட்டு வாங்கியாந்தோம். நெறைய குழியில ரெண்டு ரெண்டு நாத்து இருக்கு. லாபம்னு ரெண்டையும் பிரிச்சு நடலாமா?

பதில்: வேண்டாமுங்க. 98 குழி தட்டுல ஒரு குழிக்குள்ள எடமே கொஞ்சூண்டு, அதுல ரெண்டு வேரும் ஒண்ணோட ஒண்ணு சுத்திக்கிட்டுத்தான் இருக்கும், பிரிச்சா ரெண்டும் வாடும். தண்டு கனமா, எலை கரும்பச்சையா இருக்கறதை வெச்சுக்கிட்டு இன்னொண்ணை மண் மட்டத்துல நறுக்கிட்டு கட்டியோட நடுங்க. தட்டுல இருந்து எடுக்கறப்ப அடியில விரல் குடுத்து அமுக்கித் தள்ளுங்க. வேர் வெள்ளையா இருந்தா நல்ல நாத்து, பழுப்பேறி அடியில வட்டமா சுத்தியிருந்தா நாளாயிருச்சுன்னு அர்த்தம், அடுத்த தடவை வாங்கறப்ப தட்டுல ஒரு நாத்தை உருவிப் பாத்துட்டு வாங்குங்க.

கேள்வி: ஏனுங்க, நாங்க பல்லடம். நாத்து நல்லா மொளைச்சு வருது, ஒரு வாரத்துல வெடியால பாத்தா அங்கங்க வட்டம் வட்டமா படுத்துக் கெடக்குது. எறும்பு வெட்டுதா, பூச்சியா?

பதில்: எறும்பில்லைங்க. படுத்துக் கெடக்கற நாத்து ஒண்ணை எடுத்து மண்ணைத் தொடற எடத்துல பாருங்க, அந்த எடம் மட்டும் நூல் கணக்கா சுருங்கி பழுப்பா இருந்தா அது நாத்தழுகல். மேல எலை பச்சையாவேதான் இருக்கும், கீழ தண்டு போயிருக்கும். மண்ணுல இருக்கற பூஞ்சாணம் பண்ற வேலை, ஒரு எடத்துல ஆரம்பிச்சு சுத்திலும் பரவறதாலதான் வட்டமா சாயுது.

இதுக்கு மொதக் காரணம் நெருக்கமா விதைக்கறது, ரெண்டாவது நெதமும் ரெண்டு வேளை தண்ணி ஊத்தறது. நெருக்கமா நின்னா காத்து உள்ள போகாது, மண்ணு மேலாப்புல காயாது, பூஞ்சாணத்துக்கு அதுதான் வேணும். அதனால விதையைத் தூவாம விரக்கடைக்கு ஒரு கோடு போட்டு அந்தக் கோட்டுல ஒண்ணு ஒண்ணா விடுங்க, கோட்டுக்கு நடுவுல காத்து போகும். தண்ணி காலைல ஒரு வேளை, அதுவும் மேல்மண்ணு வெளுத்தாத்தான்.

விதைக்கறதுக்கு முந்தி ட்ரைக்கோடெர்மா விரிடிங்கற நல்ல பூஞ்சாணத்தை ஒரு கிலோ விதைக்கு 4 கிராம்ங்கற கணக்குல பெரட்டி வெச்சுக்கறது நல்லது, ஊட்டுக்குன்னா அவ்வளவு விதை இருக்காது, நாத்து மேடைக்குப் போடற மக்கின எருவுல ஒரு ஸ்பூன் கலந்து ஒரு வாரம் ஈரச்சாக்குப் போட்டு மூடி வெச்சுட்டுப் போடுங்க. இப்ப சாயறதை நிறுத்தணும்னா காப்பர் ஆக்ஸிகுளோரைடு லிட்டருக்கு 2.5 கிராம் கலந்து வேர்ப்பக்கம் நனையற மாதிரி ஊத்தலாம், ஆனா அதையும் ட்ரைக்கோடெர்மாவையும் ஒண்ணா ஊத்தாதீங்க, தாமிர மருந்து அந்த நல்ல பூஞ்சாணத்தையும் கொன்னு போடும். சாஞ்சு போன எடத்து மண்ணை ஒரு கை அள்ளி வெளிய போட்டுட்டு அப்புறம் ஊத்துங்க.

தேங்காநார்த் தூள்ல நாத்து விடறவங்களுக்கும் இதுல ஒரு வார்த்தை. பொள்ளாச்சிப் பக்கம் இருந்து வர்ற தூள் நல்ல சரக்குத்தான், ஆனா கழுவாத தூளா இருந்தா உப்பு நிக்கும், அதுல பல்லடம் போர்த் தண்ணியையும் ஊத்தினா எலை ஓரம் கருகும். தண்ணியில ஊற வெச்சு ரெண்டு மூணு தடவை புழிஞ்சு கழுவிட்டு எருவோட கலந்துக்கங்க.

கேள்வி: உடுமலைப்பேட்டைங்க, தக்காளி போடறோம். காய்ப்புழுவுக்கு செண்டுமல்லி ஊடால நட்டா நல்லதுன்னு சொல்றாங்க. எத்தனை வரிசைக்கு எத்தனை, ஒரு குழிக்கு எத்தனை நாத்து?

பதில்: நல்ல யோசனை, செய்யுங்க. பெங்களூர்ல இருக்கற இந்தியத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனம் சொன்ன முறை இது, 16 வரிசை தக்காளிக்கு 1 வரிசை செண்டுமல்லி. இதுல நாத்தோட வயசுதான் உசுரு. தக்காளி 25 நாள் நாத்து, செண்டுமல்லி 40, 45 நாள் நாத்து, ரெண்டையும் ஒரே நாள்ல நடணும். தக்காளி பூத்துப் பிஞ்சு புடிக்கற நேரத்துல செண்டுமல்லி மொட்டும் பூவுமா நிக்கணும், அப்பத்தான் காய்ப்புழு அந்துப்பூச்சி தக்காளிய விட்டுட்டு இங்க வந்து முட்டை வெக்கும். ரெண்டையும் ஒரே நாள் விதைச்சு ஒரே வயசுல நட்டுட்டு, ஒண்ணும் பிரயோசனம் இல்லைன்னு சொல்றவங்க நம்ம பக்கத்துல ஜாஸ்தி.

குழிக்கு ஒண்ணுதான். குத்தா வெச்சா உச்சியில மட்டும் பூ வந்து சீக்கிரம் ஓஞ்சுரும், உங்களுக்கு வேண்டியது ரொம்ப நாள் தொடர்ந்து மொட்டு வர்ற செடி, அதுக்கு கெளை வேணும். ஒசரமா வளர்ற ஆப்பிரிக்க ரகமா பாத்து எடுங்க. 40 நாள் வரைக்கும் நாத்தாங்கால்ல நிக்கறதால நெருக்கமில்லாம கலக்கமா விதைச்சு விடுங்க, இல்லாட்டி நெட்டுவாங்கிரும். அப்படி நெட்டுவாங்கினாலும் ஆழமா வெச்சுருங்க, மேல கோபிக்குச் சொன்னதுதான்.

அந்தப் பூவை வாரத்துக்கு ரெண்டு தடவை கட்டாயம் பறிச்சு எடுத்துரணும். பறிக்காம உட்டுட்டா அங்க வந்த புழு வளந்து அந்துப்பூச்சியாகி திரும்பத் தக்காளிக்கே வரும், புழு வளக்கற பண்ணையாட்டம் ஆயிரும். புழு இல்லாத பூவு மார்க்கெட்டுக்குப் போகும், புழு விழுந்ததைப் பொதைச்சுருங்க. செண்டுமல்லி வேர்ல இருக்கற ஒரு பொருள் மண்ணுக்குள்ள வேரைத் தாக்கற நூற்புழுவையும் அடக்கும்னு சொல்றது நெசந்தான், ஆனா அதுக்கு 16க்கு 1 வரிசை பத்தாது, ஒரு பட்டம், அதாவது ஒரு பயிர்ப் பருவம் பூராவும் செண்டுமல்லியே போட்டு எடுத்தாத்தான் அடுத்த தக்காளில தெரியும்.

கேள்வி: பெருந்துறைங்க. போன வருசம் இருந்த வாடாமல்லி, கோழிக்கொண்டை விதை தானா கொட்டி இப்ப களத்து ஓரம் பூராவும் மொளைச்சுக் கெடக்கு. பொங்கல் நோம்பிக்கு வாசல் தொட்டியில பூ நெறைஞ்சு நிக்கணும். மண்ணோட கொத்தா வெட்டி தொட்டியில வெச்சுரலாமா?

பதில்: தொட்டி நெறைஞ்சு நிக்கணும்ங்கற ஆசை சரிதானுங்க, ஆனா சேத்து நடறது வேற, ஒட்டி நடறது வேற. ஒரு அடி அகலத் தொட்டியில மூணு வாடாமல்லிய முக்கோணமா, ஒண்ணுக்கொண்ணு அஞ்சாறு இஞ்ச் விட்டு வெய்யுங்க. பாக்கறதுக்கு ஒரே புதராத்தான் தெரியும், ஆனா ஒவ்வொண்ணுக்கும் அதது வேருக்கு எடம் இருக்கும், ஒவ்வொண்ணும் தனியா கெளை விடும். அதே மூணையும் ஒரே பள்ளத்துல சொருகினா அந்தப் புதர் வராது. வாடாமல்லி சாதுவான செடி, நாலு எலையில எடுத்தாலும் ஆறு எலையில எடுத்தாலும் ரெண்டு நாள் வாடிட்டு எந்திரிச்சுக்கும். நுனி கிள்ளினா இன்னும் அடர்த்தியாகும்.

கோழிக்கொண்டைதான் ரோசக்காரச் செடி. நெருக்கத்துல பசி தாகத்தோட நின்னுச்சுன்னா, இல்ல வேர் அடிபட்டுச்சுன்னா, வளர்றதை நிறுத்திட்டு இருக்கற ஒசரத்துலயே பூத்துரும். ஒரு சாண் ஒசரத்துல பொத்தான் அளவு கொண்டை வெச்சுக்கிட்டு நிக்குமே, அது ரகம் மட்டம்ங்கறதால இல்லை, நாத்துல பட்ட கஷ்டம். ஒருக்கா மொட்டு வெச்சுருச்சுன்னா அப்புறம் எத்தனை உரம் போட்டாலும் அந்தச் செடி பெருசாகாதுங்க. அதனால இப்பவே போய்ப் பாருங்க, நடுவுல கொண்டை தெரியறதை எல்லாம் விட்டுட்டு, எலை மட்டும் இருக்கற சின்ன நாத்தா பாத்து, சுத்தி இருக்கற மண்ணோட ஒரு கரண்டியில தூக்கி ஒத்தை ஒத்தையா வெய்யுங்க. பக்கத்துல ஒட்டி இன்னொண்ணு வந்துச்சுன்னா அதை நறுக்கி விட்ருங்க. பெரிய கொண்டை வேணும்னா கோழிக்கொண்டைல நுனி கிள்ளவே கூடாது, அந்த நுனிதான் கொண்டையாகும்.

களத்து ஓரம் மிச்சம் நிக்கறதை அங்கயே அடிக்கு ஒண்ணா கலைச்சு விட்டுட்டாப் போதும், எடம் மாத்தாம நிக்கறதுதான் எப்பவும் நல்லா வரும்.

கேள்வி: கரூர்ங்க. சூரியகாந்தி, ஜினியா, சங்குப்பூ இதுக்கும் நாத்து விடணுமா?

பதில்: தேவையில்லைங்க, நேரா நெலத்துலயே ஊனிருங்க. சூரியகாந்திக்கும் சங்குப்பூவுக்கும் ஆணிவேர் வேகமா எறங்கும், எடம் மாத்தினா பிடிக்காது. சங்குப்பூ விதையை ராத்திரி ஊற வெச்சுட்டு ஊனுங்க, குழிக்கு ரெண்டு போட்டு, மொளைச்சப்பறம் ஒண்ணை நறுக்கிரலாம். ஜினியா நாத்தாவும் வரும், ஆனா ஊனினது முந்திக்கும்.

கேள்வி: சத்தியமங்கலமுங்க. சம்பங்கி போட்டு மூணு வருசம் ஆச்சு, பூ கொறைஞ்சு போச்சு. கெழங்கு எல்லாம் பெரிய பெரிய கொத்தா இருக்கு. கொத்தோடவே ரெண்டா பொளந்து வேற வயக்காட்டுல நட்டா சீக்கிரம் பூ வருமா?

பதில்: சத்தியமங்கலத்துக்காரங்களுக்கு சம்பங்கி பத்தி நான் சொல்றதுக்கு என்ன இருக்குங்க, பூ மார்க்கெட்டே உங்களுது. ஆனா கேட்டதால சொல்றேன், கொத்தோட பொளந்து நடாதீங்க. அந்தக் கொத்துக்குள்ள பூத்து முடிஞ்ச பழைய கெழங்கு நடுவுல இருக்கும், அது இனிப் பூக்காது, அதைச் சுத்தி இருக்கற குட்டிக் கெழங்குதான் இனிப் பூக்க வேண்டியது. கொத்தோட வெச்சா பழசும் புதுசும் அதே நெருக்கத்துல கெடந்து, இப்ப எதுனால பூ கொறைஞ்சுதோ அதே நெலைமைதான் புதுக் காட்டுலயும்.

தண்ணியை நிறுத்தி எலை பழுத்தப்பறம் தோண்டி எடுங்க. மண்ணை ஒதறி, கையில திருகி ஒண்ணொண்ணா பிரிச்சு, நெழல்ல பரத்தி ஒரு மாசம் வரைக்கும் ஆற வெய்யுங்க, குமிச்சுப் போட்டா உள்ள சூடேறி அழுகிரும், ரெண்டு மூணு நாளைக்கு ஒருக்கா பெரட்டி விடுங்க. அப்புறம் தரம் பிரிங்க. 25, 30 கிராம் இருக்கற, அமுக்கினா கெட்டியா இருக்கற கெழங்கு மட்டும் காட்டுக்கு, 45க்கு 20 சென்டிமீட்டர் இடைவெளியில குழிக்கு ஒண்ணு. அடுத்த மூணு வருசத்துல அது தானா கொத்தாகிக்கும், நாம முன்கூட்டியே கொத்தா வெக்க வேண்டியதில்லை. அதுக்குச் சின்னதா இருக்கறதை வீசிராதீங்க, அது மொத வருசம் பூக்காது, அதனால தனியா ஒரு பாத்தியில நெருக்கி நட்டு எருப் போட்டு ஒரு வருசம் பெருக்க வெச்சுக்கங்க, அடுத்த வருசம் வெதைக்கெழங்குக்கு வெளிய காசு குடுக்க வேண்டி வராது. அழுகல் நாத்தம் அடிக்கறதையும், தொட்டா மெத்துன்னு இருக்கறதையும் காட்டு ஓரத்துல கூடப் போடாம எரிச்சுருங்க.